மூன்று லைற்றும் சோடித்த கதையும்

குணேசு,

கோயிலால் வந்ததும் நிலாவெளி பஸ்ஸுக்கு ஓடாதே. மகள் வீட்டுக்குக் காரிலேயே போவோம். "லைற் சிமிட்டுற காரில செத்தாலும் ஏறமாட்டன்" என்று நேற்று நீ கத்தினது துறைமுகத்தில் நிற்கிற கப்பல்காரனுக்கும் கேட்டிருக்கும். இப்போது சிமிட்டவில்லை.

உன் தம்பி சசிகரன் கண்ணூறு என்று தேசிக்காய் கட்டினான். கராஜ்காரன் டாஷ்போட்டையே மாற்றச் சொன்னான். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை. ஒயில், பிறேக், பற்றரி என்று மூன்று லைற்றும் கார் பள்ளத்தில் விழும்போதெல்லாம் சேர்ந்தே சிமிட்டின. மூன்று பேர் ஒரே நேரத்தில் ஒரே மாதிரிக் குழறினால் அது சோடித்த கதை. பின்னால் ஒருத்தன் இருப்பான்.

பொனற்றைத் திறந்தேன். ஆயுத பூசைக்குப் பற்றரி துடைக்க நான் வயரைக் கழற்றின நேரம் பார்த்து, நீ அதன் முனைக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாய். நான் அதுக்கு மேலேயே வயரைப் பூட்டியிருக்கிறேன். சந்தனம் காய்ந்து உதிர, வயர் ஆடுகிறது. சாமிக்குப் பொட்டு வைத்தால் சாமி பேசாமல் இருக்கும். பற்றரி இருக்காது.

சுரண்டி இறுக்கிவிட்டேன். கடற்கரை றோட்டுப் பள்ளமெல்லாம் ஓடியும் பார்த்தேன்.

மகளுக்கு மீன் வாங்கப் போகிறேன். புட்டு மூடியிருக்கிறது, பூனையை நம்பாதே. கார்ச் சாவி அரிசி வாளிக்குள். சசிகரனுக்குச் சொல்லாதே.

மறந்துபோனேன்: ஸ்ரியறிங்கில் வைத்த பொட்டை அழிக்கவில்லை. வருகிற பூசைக்குப் பற்றரியை விட்டுவிட்டு எனக்கு வை. நானும் பழைய சாமான்தான். சிமிட்டினாலும் உன்னைப் பார்த்துத்தான்.