செவ்வாய்க்கிழமைச் சாவி

பெர்ன்,
செப்டம்பர் 28

என் அன்பு நோமி,

இந்தக் கடிதம் வந்து சேரும்போது ஹாலிஃபாக்ஸில் குளிர் தொடங்கியிருக்கும். கம்பளிக் காலுறைகளை வெளியே எடுத்துவிட்டாயா? போன வாரம் தொலைபேசியில், “என்னம்மா, உன் குரலே ஒரு மாதிரி இருக்கு, சளி புடிச்சிருக்கா?” என்று கேட்டாய். சளி இல்லை. என்னவென்று அப்போது வாயில் வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு எதையும் ஒழுங்காகச் சொல்ல வரும் என்பது உனக்குத் தெரியும். பொறுமையாகப் படி. இதில் துணி துவைக்கும் மெஷின் கொஞ்சம் அதிகமாகவே வரும்.

ஆமாம், மெஷின்கள் வந்துவிட்டன! குளியலறையில், நீ சின்ன வயதில் பொம்மை வாத்துகளை அடுக்கி வைப்பாயே, அந்த மூலையில் கீழே துவைக்கும் மெஷின், அதன் தலைமேல் டிரையர். இரண்டும் சேர்ந்தும் உன் பழைய துணி அலமாரி அளவுக்கு இடம் பிடிக்கவில்லை. நீ படம் எடுத்து அனுப்பினாயே, உங்கள் வீட்டு மெஷின், அதற்குள் நம் குளியலறையையே போட்டு அலசிவிடலாம். நம்முடையது சின்னது, நிதானமானது. குளிர்ந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு தானே சுட வைக்கிறது. ஒரு வாளி இரண்டு வாளித் தண்ணீரில் இரண்டரை மணி நேரம் யோசித்து யோசித்துத் துவைக்கிறது. கடைசியில் பிழிகிறது பார், துண்டை எடுத்தால் பாதி காய்ந்தே வருகிறது.

டிரையருக்குச் சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்காவிட்டால் ஈரம் எங்கே போகும் என்று கேட்டிருந்தாய். எங்கேயும் போவதில்லை. உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி, மேலே ஒரு இழுப்பறையில் நிறைகிறது. நாம் எடுத்துக் கொட்ட வேண்டும். முதல் நாள் அந்தத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் துண்டிலும் படுக்கை விரிப்பிலும் இருந்த ஈரம் முழுக்க ஒரு பெட்டியில். கொட்ட மனம் வரவில்லை. ஜெரேனியச் செடிகளுக்கு ஊற்றினேன்.

இவ்வளவு சந்தோஷத்துக்கும் காரணம் நான்தான் என்று கட்டிடத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் முறை வைத்து, நிலவறையில் இருக்கும் ஒற்றை மெஷினுக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி இறங்கி ஏறும் கொடுமை போதும் என்று மனு எழுதியவள் நான். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவளும் நான். கட்டிட உரிமையாளர் ஒப்புக்கொண்டார். துவைக்கும் அறையைச் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள்.

கடைசிக் கையெழுத்து நமக்கு நேர் கீழே இருக்கும் ஹெர் லூத்தியுடையது. உனக்கு அவரை ஞாபகம் இருக்கும். டிராம் நிறுவனத்தில் நேர அட்டவணை போடுபவர். நம் துவைக்கும் அறைக் கதவில் ஒட்டியிருந்த முறை அட்டவணையையும் அவர்தான் ஒவ்வொரு வருடமும் மூன்று நிறப் பென்சிலில் கோடு போட்டு எழுதுவார். என் மனுவை மூன்று நாள் வைத்திருந்தார். பிறகு, “நீங்க எழுதியிருக்கறதுல ஒரு தப்பும் இல்ல, ஃப்ராவ் கெர்பர்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

நோமி, நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. என் முறை செவ்வாய், அவர் முறை புதன். செவ்வாய் மாலை ஏழு மணிக்கு நான் மெஷினின் ரப்பர் வளையத்தைத் துடைத்து, பஞ்சுத் தூசியை எடுத்துவிட்டு, அறைச் சாவியை அவர் வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். பதினோரு வருடமாக. உள்ளே போனதில்லை. மிஞ்சினால் ஐந்து நிமிடம். நீ மேல்படிப்புக்குக் கனடா போகிறாய் என்பதை முதலில் சொன்னது அந்த வாசலில்தான். அவர் அம்மா இறந்ததை அவர் சொன்னதும் அங்கேதான். நீ விமானம் ஏறிய வாரம் சாவியை வாங்கிக்கொண்டு, “இன்னிக்கு நீங்க கொஞ்சம் மெதுவா படி ஏறுங்க” என்று மட்டும் சொன்னார். கூடையோடு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன், பிறகு சரியாகிவிட்டது.

மனு எழுதி, கையெழுத்து வாங்கி, அந்த ஐந்து நிமிடத்தை நானே மூடிவிட்டிருக்கிறேன்.

அறையைப் பூட்டிய பிறகு வந்த முதல் செவ்வாய், புது மெஷினைத் துடைத்தேன். பஞ்சுத் தூசியை எடுத்தேன். அடுத்து எனக்கு நினைவு வந்தபோது அவர் வாசலில் அழைப்பு மணியை அழுத்திவிட்டு நிற்கிறேன். கையில் ஒன்றும் இல்லை. அவர் கதவைத் திறந்தார், வழக்கம்போல உள்ளங்கையை நீட்டியபடியே. இரண்டு பேரும் அந்த வெறுங்கையைப் பார்த்தோம். “சாவி…” என்றார். “இல்ல” என்றேன். “ஆமா, இல்லதான்” என்றார். நான் ஓடி வந்துவிட்டேன். நாற்பத்தாறு வயதில், பட்டம் பெற்ற பெண், படியில் இரண்டிரண்டாகத் தாவி ஏறி ஓடினேன். அன்று இரவு அதை நினைத்து நினைத்து முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டேன். நீ தொலைபேசியில் கேட்டது அந்தக் குரலைத்தான்.

இனி போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

காலை பதினொரு மணி. குளியலறையில் தலை வாரிக்கொண்டிருந்தேன். “ஃப்ராவ் கெர்பர்” என்று டிரையர் என்னைக் கூப்பிட்டது. சீப்பைக் கீழே போட்டுவிட்டேன். மறுபடியும், ரொம்பத் தாழ்ந்த குரலில், “ஃப்ராவ் கெர்பர், மன்னிக்கணும். ஞாயித்துக்கிழமையில தொந்தரவு பண்றேன்.” டிரையருக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரம் வழியாக ஹெர் லூத்தி கீழேயிருந்து பேசுகிறார்! என்ன ஆயிற்று என்று கேட்டால், “மெதுவா பேசுங்க, ஃப்ராவ் ஸ்டெட்லர் காதுல விழுந்துரும்” என்கிறார்.

விஷயம் இதுதான். அவர் தன் புது மெஷினில் துணி போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை! ஞாயிறன்று துவைக்கக் கூடாது என்ற விதியைச் சிவப்புப் பென்சிலில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டவர். பிழியும் கட்டம் வந்ததும் மெஷின் குதித்துக் குதித்து நடக்க ஆரம்பித்துவிட்டது. பிடிக்கப் போனவரைக் குளியலறைக்குள்ளேயே விட்டு, போய்க் கதவோடு ஒட்டி, ஒரு காலைத் தரையோட்டு இடுக்கில் செருகிக்கொண்டு நின்றுவிட்டது. உள்பக்கம் திறக்கும் கதவு. அவர் ஒரு மணி நேரமாக உள்ளே இருக்கிறார். சத்தம் போட்டால் ஞாயிறன்று துவைத்தது வெளியே தெரிந்துவிடும் என்று சத்தம் போடவில்லை. நான் தலை வார வரும்வரை காத்திருக்கிறார்.

அவர் வீட்டு மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். துவாரத்தில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு, “ஃப்ராவ் ஸ்டெட்லர்கிட்ட” என்றது குரல்.

தரைத்தளத்துக்கு இறங்கினேன். ஸ்டெட்லர் அம்மாவுக்கு எண்பத்து மூன்று ஆகிறது, கட்டிடத்தின் பாதிச் சாவிகள் அவர் பிஸ்கட் டப்பாவில்தான். ஹெர் லூத்தி வீட்டில் என் கேக் தட்டு இருக்கிறது, அவர் வெளியே போயிருக்கிறார், எடுத்துக்கொண்டு சாவியைத் திருப்பித் தந்துவிடுகிறேன் என்று வழியில் ஒரு பொய்யைத் தயாரித்துக்கொண்டேன். அதைச் சொன்னதும் ஸ்டெட்லர் அம்மா மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார்.

“வெளிய போயிருக்காரா? அப்ப காலையில ஏழரையிலேர்ந்து ஓடுன மெஷினு யாரு மெஷினு? குதிர ஓடுற மாதிரி டக்கு டக்குன்னு ஒரு சத்தம். அப்பறம் ஒரு மணி நேரமா ஒண்ணுமே இல்ல. நான் ஆம்புலன்ஸக் கூப்புடலாமான்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன்.”

ஸ்டெட்லர் அம்மா பிஸ்கட் டப்பாவை எடுத்தார். டப்பாவைத் துழாவிக்கொண்டே, “எனக்குக் காது கேக்காதுன்னு இந்தக் கட்டிடத்துல எல்லாருக்கும் ஒரு நெனப்பு. இருக்கட்டும், எனக்கு அது வசதிதான்” என்றார். சாவியை என் கையில் வைத்து, “செவ்வாக்கெழம ஏழு மணிக்கு நீங்க படி எறங்கற சத்தமும் எனக்குக் கேக்கும். ஏறும்போது எப்பவும் மெதுவாத்தான் ஏறுவீங்க. போன வாரந்தான் ஓடுனீங்க. என்ன ஆச்சு?” என்று கேட்டார். நான் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஏறினேன். ஓடாமல்.

குளியலறைக் கதவை நான் தோளால் தள்ள, உள்ளேயிருந்து அவர் மெஷினை நிமிர்த்தி இழுக்க, மூன்றாவது முயற்சியில் ஒரு சாண் இடைவெளி கிடைத்தது. முதலில் அவர் கை வெளியே வந்தது. பிறகு மொத்தமாக அவர் வந்தார், பனிச்சறுக்குக்குப் போடும் தடித்த கம்பளி ஸ்வெட்டரில், வியர்த்து வழிந்துகொண்டு. “எல்லா சட்டையும் உள்ள இருக்கு” என்றார். அத்தனையும் அழுக்காகும்வரை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, “அட்டவணை இல்லையே. எந்தக் கெழம தொவைக்கணும்னே தெரியல” என்றார். நோமி, நான் சிரித்த சிரிப்பு நிச்சயம் தரைத்தளம் வரை கேட்டிருக்கும்.

மெஷின் ஏன் நடந்தது என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடையிலிருந்து வரும்போது உள்ளே இருக்கும் உருளை ஆடாமல் இருக்கப் பின்பக்கம் நாலு போல்ட் போட்டிருப்பார்கள். ஓட்டுவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். எனக்குக் கடை ஆள் கழற்றினான். இவர் ஆளே வேண்டாம் என்று தானே பொருத்தியிருக்கிறார். ரசமட்டம் வைத்து மயிரிழை பிசகாமல் நிறுத்தியிருக்கிறார். போல்ட் நாலும் அப்படியே இருக்கின்றன. மெஷினோடு வந்த புத்தகத்தைப் படிக்கவில்லையா என்று கேட்டேன். “ரெண்டு தடவ படிச்சேன். அந்தப் பக்கத்துல மட்டும் மனசு எங்கயோ போயிருச்சு” என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கீழே உட்கார்ந்து முதல் போல்ட்டைத் திருகியபடி அவரே சொன்னார்: “பதினோரு வருஷம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ. நீங்க ஊர்ல இல்லாத ரெண்டு தடவயக் கழிச்சா இருநூத்தி எண்பத்தி நாலு தடவ சாவி குடுத்திருக்கீங்க. அடுத்தது எப்பன்னு அட்டவணையில எடமே இல்ல.”

நாலு போல்ட்டையும் கழற்றினோம். மெஷின் பூனைபோல முனகிக்கொண்டு பிழிந்து முடித்தது. அவரிடம் டிரையர் இல்லை. கொடியில் போட்டால் ஞாயிறு குற்றம் ஊருக்கே தெரியும். பன்னிரண்டு சட்டைகளையும் நான் மேலே எடுத்து வந்து நம் டிரையரில் போட்டேன். நானும் கூட்டாளி. அவர் நம் சமையலறையில் அந்த ஸ்வெட்டரோடு உட்கார்ந்து, நான் காலையில் வாங்கிய பின்னல் ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றார். சட்டைகள் காய்ந்ததும் இழுப்பறைத் தண்ணீரைக் காப்பி வடிகட்டியில் ஊற்றி ஒரு புட்டியில் பிடித்துக் கொடுத்தேன். இந்த ஊர்த் தண்ணீர் சுண்ணாம்பு. இது இஸ்திரிப் பெட்டிக்கு நல்லது. அவர் அந்தப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒயின் பார்ப்பதுபோல. பிறகு உண்மையிலேயே ஒயின் ஊற்றினோம். நம் வழக்கப்படி கண்ணைப் பார்த்துக் கோப்பையை இடித்து, முதல் பெயரைச் சொல்லிக்கொண்டோம். “ரேட்டோ” என்றார். “பெட்டினா” என்றேன். அவ்வளவுதான். பதினோரு வருடத்து ‘நீங்கள்’ போய்விட்டது.

மாலையில் மாற்றுச் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஸ்டெட்லர் அம்மா டப்பாவைத் திறக்கவே இல்லை. “நீங்களே வச்சுக்கோங்க. மறுபடி மாட்டிக்கிட்டார்னா என் மொழங்காலு ரெண்டு மாடி ஏறாது” என்றார். கேக் தட்டு கிடைத்ததா என்றும் கேட்டார். குறும்பு. சாவியை வைத்துக்கொள்ளலாமா என்று ரேட்டோவிடம் கேட்டேன். “வச்சுக்கோ. ஆனா பூட்டு சரியா தெறக்குதான்னு அப்பப்ப பாத்துக்கணும். செவ்வா, ஏழு மணி” என்றார். நம் குளிர்சாதனப் பெட்டி மேல் புது அட்டவணை ஒன்று ஒட்டியிருக்கிறது, மூன்று நிறப் பென்சிலில். இப்போது அது ஒவ்வொரு வாரமும்.

சொல்ல வந்தது உனக்குப் புரிய இது போதும் என்று நினைக்கிறேன். நீ கிளம்பும்போது விமான நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டு, “நீ தனியா இருப்பியேம்மா” என்று சொன்னாய். அதை மனதில் வைத்துக்கொண்டு எந்த வேலையையும் விட்டுவிட்டு ஓடி வராதே. பிரிந்து பல வருடமாகிவிட்ட உன் அப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. முதலில் உன்னிடம் சொல்லாமல் எனக்கு யாரிடமும் சொல்ல வராது.

நன்றாகச் சாப்பிடு. இருட்டுமுன் வீட்டுக்கு வந்துவிடு. உன் வேலையெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும். கிறிஸ்துமஸுக்கு வரும்போது அழுக்குத் துணி எல்லாவற்றையும் கொண்டு வா. எந்தக் கிழமையானாலும் துவைத்துவிடலாம். நீ போனதிலிருந்து கிறிஸ்துமஸ் மேசைக்கு எத்தனை தட்டு எடுத்து வைப்பது என்று நான் யோசித்ததே இல்லை, உனக்கும் எனக்கும் இரண்டுதான். இந்த வருடம் எத்தனை வைக்கட்டும் என்று நீ எழுதினால் போதும். நீ இரண்டு என்றாலும் சந்தோஷமாகவே வைப்பேன்.

ஆனால், நோமி, முடிந்தால் மூன்று என்று எழுது.

என்றும் உன்,
அம்மா