கொட்டகையிலிருந்து எத்தனை தப்படி

பண்டசோழநல்லூர்
9-2-1976

மாமாவுக்குக் கலியம்மாள் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் அம்மாவும் சுகம். பிலாய் இரும்பாலைப் பக்கம் குளிர் விட்டிருக்கும் என்று நம்புகிறேன். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. கரும்பு வெட்டி ஆலைக்கு ஏற்றியாகிவிட்டது.

பதிலே போடாத மனுஷருக்கு இது நாலாவது கடிதம். இதற்கும் பதில் வராவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். காலையிலிருந்து மூன்று முறை எழுத உட்கார்ந்தேன், மூன்று முறையும் பாதியில் எழுந்து வயலுக்கு ஓடிவிட்டேன்.

ஊருக்குக் குடிதண்ணீர்க் குழாய் வருகிறது. நம் பிள்ளை ஜெயா வாந்திபேதியில் போன பிறகு, நானும் பக்கத்து வீட்டு ருக்குமணியும் வீடு வீடாகப் போய்க் கைநாட்டு வாங்கி கொம்யூன் பஞ்சாயத்தில் மனு கொடுத்தோம் என்று எழுதியிருந்தேனே, அது பலித்துவிட்டது. ஏரிக்கரையில் போர் போட்டுத் தொட்டியும் கட்டிவிட்டார்கள். இனி குளத்துத் தண்ணீரை யாரும் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம்.

போன வியாழக்கிழமை ஓவர்சீயர் சேதுராமன் வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு நம் வயலில் இறங்கி, மோட்டார் கொட்டகையைத் தாண்டி, கிழக்கு வரப்போரமாகவே தெருவுக்குப் போகிறது. நான் குறுக்கே போய் நின்றுவிட்டேன். என் பிள்ளையைப் புதைத்த வரப்பு, கடப்பாரை போடாதீர்கள் என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. “எடத்த காட்டும்மா, ரெண்டு அடி ஒதுங்கி வெட்டிக்கிறோம்” என்றார்.

எனக்குக் காட்டத் தெரியவில்லை, மாமா. பெற்றவளுக்குத் தெரியவில்லை. பொம்பளை வரக்கூடாது என்று தெருமுனையிலேயே என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்களே. நீங்களும் உங்கள் அப்பாவும்தான் தூக்கிப் போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் காலில் இருந்த சேற்றைத்தான் பார்த்தேன். எங்கே என்று கேட்பதற்குள் நீங்கள் ரயிலேறிவிட்டீர்கள். உங்கள் அப்பாவைக் கேட்டதற்கு, “கொட்டாயிலருந்து தப்படி எண்ணி வச்சான் ஒன் புருசன், எத்தினின்னு எனக்குத் தெரியாதும்மா” என்றார். அவரும் ஐப்பசியில் கண்ணை மூடிவிட்டார், அதற்கும் நீங்கள் வரவில்லை.

வரப்பையே விட்டுச் சுற்றிக்கொண்டு போகக் குழாய் போதாதாம். மறுபடி மனு, மறுபடி ஒரு வருஷம். இருபத்துமூன்றாம் தேதி திங்கட்கிழமை வரை பொறுக்கிறேன், அதற்குமேல் என் கையில் இல்லை என்று சேதுராமன் சொல்லிவிட்டார்.

அத்தை, “மண்ணோட மண்ணா போனதுக்கு இன்னாத்துக்குடி இந்த ஆட்டம், ஊருக்குத் தண்ணி வரட்டும்” என்கிறார்.  ருக்குமணியின் மருமகள் மாசமாக இருக்கிறாள். ருக்குமணி ரோட்டோரம் சும்மா கிடக்கும் குழாய்களைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். அவள்மேல் எனக்கென்ன கோபம்? அந்தத் தண்ணீருக்கு முதலில் அலைந்தவளே நான்தான்.

எத்தனை தப்படி என்று ஒரு தந்தி அடித்தால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நேற்று நானே நடந்து பார்த்தேன். என் தப்படி குட்டை. என்னுடைய இருபது உங்களுக்குப் பதினைந்துகூட வராது. எண்ணிக்கை தெரிந்தாலும் நான் தப்பான இடத்தில்தான் போய் நிற்பேன்.

நீங்கள் ஏன் வராமல் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குக் காய்ச்சல் என்று அன்றைக்குக் குளத்தில் குடம் மொண்டு வந்தது நீங்கள். நான் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை, சாகும் வரை சொல்லவும் மாட்டேன். நான் நன்றாக இருந்திருந்தால் அதே தண்ணீரைத்தான் நானும் மொண்டிருப்பேன்.

இருபத்துமூன்றாம் தேதிக்குள் வந்துவிடுங்கள். கொட்டகையிலிருந்து நீங்கள் எண்ணி நடங்கள், நான் பின்னாலேயே வருகிறேன். இந்தத் தடவை என்னைத் தெருமுனையில் நிறுத்த யாருக்கும் தைரியம் வராது.

ஏரிக்கரை அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஜெயாவின் அம்மா
கலியம்மாள்