வாயிற்கணினியில் அழியாத ஒரு கோப்புறை வேண்டி

அனுப்புநர்
ம. மாசானம் (வயது 54),
வாயில் எழுத்தர், இரண்டாம் வாயில்,
சாகரமணி சரக்குப் பெட்டக நிலையம்,
திருவொற்றியூர், சென்னை – 19.

பெறுநர்
மேலாளர் அவர்கள், கணினிப் பிரிவு,
சாகரமணி தலைமை அலுவலகம்,
ராயபுரம், சென்னை – 13.

பொருள்: டெக்ஸ்ட் எடிட்டர் புதுப்பிக்கப்பட்டபோது எனது செட்டிங்ஸ் கோப்பு அழிந்தது – மீட்டுத் தரவும், இனி அதை வைக்க இடம் ஒதுக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொண்டைப் புற்றுநோய்க்காக நான்கு ஆண்டுகளுக்கு முன் எனது குரல்வளை அகற்றப்பட்டது. அன்று முதல் எனக்குப் பேச்சு இல்லை. என்னை நீக்காமல் இரண்டாம் வாயிலில் அமர்த்திய நிர்வாகத்துக்கு இன்றும் நன்றியுடையவன்.

2. எனது மேசையில் லாரி ஓட்டுநர்களை நோக்கி ஒரு திரை உள்ளது. நான் எடிட்டரில் தட்டுவது அதில் பெரிய எழுத்தில் தெரியும். வண்டிகள் வரிசையில் நிற்கும்போது முழு வாக்கியம் தட்ட நேரமிராது. ஆகவே இரண்டெழுத்து தட்டினால் ஒரு வாக்கியம் வருமாறு செட்டிங்ஸ் கோப்பில் எழுதி வைத்தேன்.

3. முதலில் நான் எழுதியவை 'ஆவணங்களைச் சமர்ப்பிக்கவும்' என்ற வகையில் இருந்தன. நெட்டுக்குப்பத்தைச் சேர்ந்த டிரெய்லர் ஓட்டுநர் திரு. நீலமேகம் அதைப் படித்துவிட்டு, "இன்னா சார், கோர்ட்டு நோட்டீஸ் மாரி கீது. நம்மாளு பேசுற மாரி போடு" என்றார். அன்று முதல் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்று ஆண்டுகளில் 312 வாக்கியங்கள் சேர்ந்தன. வேலைக்குத் தேவையானவை அவற்றில் பாதிகூட இல்லை. 'இன்னா நைனா, நாஷ்டா ஆச்சா?', 'பொண்ணுக்கு ஜொரம் வுட்டுச்சா?' போன்றவையே மிகுதி. நான் டோல்கேட் அருகே தனியாகக் குடியிருப்பவன். ஒரு நாளில் நான் பேசும் பேச்சு முழுவதும் அந்தக் கோப்பில்தான் இருந்தது.

4. ஜூன் 9 அன்று எடிட்டரின் புதிய பதிப்பு நிறுவப்பட்டது. பழைய கோப்புறை நீக்கப்பட்டது. என் கோப்பு அதற்குள் இருந்தது. நிறுவ வந்த திரு. ரகுபதி பொறுமையாகவே விளக்கினார்: "புரோகிராம் ஃபோல்டர்ல வெச்சா அப்டேட்ல போய்டும் சார். உங்க பேர்ல கீற ஃபோல்டர்ல வெச்சிருக்கணும்." அதை அறியாதவன் அல்லேன். ஆனால் இது பொதுக் கணினி என்பதால், ஷிஃப்ட் முடிந்ததும் என் பெயரிலுள்ள கோப்புறை தானாகவே துடைக்கப்படுகிறது. பென் டிரைவ் செருகத் தடை உள்ளது. இதைத் தாளில் எழுதிக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, "அப்ப எங்கதான் சார் வெப்பீங்க?" என்றார். அந்தக் கேள்வியையே தங்கள் முன் வைக்கிறேன். தாளிலாவது ஒரு படி எடுத்து வைக்காதது என் தவறு.

5. நினைவிலிருந்து 61 வாக்கியங்களை மீண்டும் எழுதியுள்ளேன். நீலமேகம் மீஞ்சூர் பக்கம் வேலைக்குப் போய்விட்டதால் மற்றவற்றைக் கேட்டறிய ஆளில்லை. சென்ற வாரம் ஓர் ஓட்டுநர், "இன்னா சார், எம்மேல பேஜாரா? ஒண்ணுமே சொல்ல மாட்டேன்ற" என்று கேட்டு நின்றார். இல்லையென்று நான் தட்டி முடிப்பதற்குள் பின்னால் ஹாரன் அடித்தார்கள், அவர் போய்விட்டார். இப்போது பெரும்பாலோர் திரையைப் பார்ப்பதில்லை. சீட்டை நீட்டி, முத்திரை வாங்கிச் செல்கின்றனர். வரிசை முன்னைவிட வேகமாக நகர்வதாக மேற்பார்வையாளர் என்னைப் பாராட்டினார்.

6. அந்த 61 வாக்கியங்களும் வேறு இடமின்றிப் புரோகிராம் கோப்புறையிலேயே உள்ளன. அடுத்த அப்டேட் ஜூலை 28 என அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. அதற்குள், அப்டேட்டும் ஷிஃப்ட் முடிவும் தொடாத ஒரு கோப்புறையைச் சர்வரில் என் பெயருக்கு ஒதுக்கி, எடிட்டர் அங்கிருந்து என் கோப்பைப் படிக்குமாறு செய்து தர வேண்டுகிறேன். ஜூன் 9-க்கு முந்தைய பேக்கப் எங்கேனும் இருந்தால் தேடித் தரவும் வேண்டுகிறேன். கோப்பின் அளவு நாற்பது கிலோபைட். ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது.

7. தங்கள் முடிவைத் தயவுசெய்து தொலைபேசியில் தெரிவிக்க வேண்டாம். நான் எடுப்பேன், கேட்பேன். மறுமுனையில் இருப்பவர் யாருமில்லை என்று எண்ணி வைத்துவிடுவார். ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 14.07.2025

தங்கள் எழுத்துக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
ம. மாசானம்