உன் நம்பருக்கு வந்த ஆறு எண்கள்

தடுப்பூசி போடும் புதன்கிழமைகளில் ஸ்பிரிட் பஞ்சின் வாசனையும் உன்னோடு பைக்கில் ஏறி வரும். பாப்பாவைத் தோளில் சாய்த்தபடி நீ ஆஸ்பத்திரிக்குள்ளிருந்து வருவாய். நான் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டுப் போன் பார்த்துக்கொண்டிருப்பேன். மூன்று வருஷம் கழித்து இந்த வாரம் அதே வாசனை மூக்கில் ஏறியபோது நான் உள்ளே நின்றிருந்தேன். எந்த வரிசையில் நிற்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

"ஏங்க, குக்கர் விசில் அடிச்சாலும் இவ திரும்பிப் பாக்க மாட்டேங்கிறா" என்று நீ சொன்னபோது அவளுக்கு எட்டு மாதம். "எங்கய்யாவே நாலு வயசு வரைக்கும் பேசலையாம். நீ ஓயாம பேசுறதுல பிள்ளைக்குக் காது அடைச்சிருக்கும்" என்று கேலி செய்தேன். அடுத்த மாதம் நீ காய்ச்சலில் போய்விட்டாய். அந்தச் சந்தேகத்தை நினைவில் வைத்துக்கொள்ள அப்புறம் வீட்டில் ஆள் இல்லை.

மூன்று வயது தாண்டியும் அவள் வாய் திறக்காததால்தான் மதுரைக்குக் கொண்டுபோனேன். இரண்டு காதும் கேட்கவில்லையாம். உள்ளே கருவி வைத்தால் கேட்கும், பேசவும் பழகுவாள் என்றார் டாக்டர். அரசாங்கத் திட்டத்தில் ஆபரேஷனுக்குத் தேதியும் கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கேட்டார்: "நிமோனியா தடுப்பூசி மூணு தவணையும் போட்டாச்சா? அந்த ரெக்கார்டு இல்லாம கத்தி வைக்க மாட்டோம். கருவி வச்ச பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தா உயிருக்கே ஆபத்து." புதிதாகப் போட்டுக் காத்திருந்தால் இந்தத் தேதி போய்விடும். நாள் தள்ளத் தள்ளப் பேச்சு வருவது கடினம் என்றும் சொன்னார். ரெக்கார்டைக் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

உனக்கு மளிகைச் சீட்டிலிருந்து மருந்துச் சீட்டு வரை எல்லாம் சேலை மடிப்பில்தான். தடுப்பூசி அட்டையும் அங்கேதான் இருந்தது. பதினாறாம் நாள், உன் சேலைகளை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அம்மா மூட்டையாகக் கட்டிக் கொடுத்தாள். உன் வாசனை அடித்த எதையும் அன்றைக்கு என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கடலில் விட்டேன். மகளின் அட்டையையும் சேர்த்துத்தான் விட்டிருக்கிறேன், நான் ஒரு முட்டாள்.

தலைப்பிரசவத்துக்கு நீ சிக்கல் ஊருக்குப் பக்கத்தில் உன் அம்மா வீட்டில் இருந்ததால் முதல் இரண்டு தவணை அங்கே, மூன்றாவது இங்கே மண்டபம் ஆஸ்பத்திரியில். உன் ஊருக்கு ஓடினேன். அப்போதிருந்த நர்ஸம்மா மாற்றலாகிப் போயிருந்தார். பழைய பதிவேடு எந்த ஆபீசில் இருக்கிறதென்று யாருக்கும் தெரியவில்லை. "போட்டாக மாப்ள, என் மடியில வச்சுத்தான் போட்டாக. தொடை வீங்கி ரெண்டு நாளு அழுதா பிள்ள" என்று அத்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்தச் சத்தியத்தை எந்த டாக்டரிடம் நீட்டுவது?

திரும்பி இங்கேயே வந்து நின்றேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் நல்ல மாதிரி. "அம்மா பேருல, அம்மா நம்பருலதாண்ணே ஏறியிருக்கும். அந்த நம்பருக்கு ஓடிபி வரும். சொன்னீகன்னா அஞ்சு நிமிசத்துல எடுத்துத் தாரேன்" என்றாள்.

உன் நம்பர். முரண்டு பிடிக்கும் போட் எஞ்சினையெல்லாம் அதட்டி ஓட வைக்கிறவன் நான். உன் போனுக்கு ரீசார்ஜ் செய்ய மட்டும் கை வரவில்லை. அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டேன். அந்த நம்பரை வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். ஆனாலும் மனப்பாடமாக இருந்த அந்த எண்களை அழுத்தினேன்.

"அலோ, யாரு?"

உன் நம்பரிலிருந்து ஒரு பெண்ணின் குரல். பரமக்குடிப் பக்கத்து அம்மா ஒருவர். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் பாப்பாவோட அப்பாவா? ஊசி தேதி, ஊசி தேதின்னு இதுக்கு மெசேஜ் வந்துச்சு தம்பி. மருமக படிச்சுச் சொல்லுவா. யாரு பெத்த பிள்ளையோ, கொண்டு போனாகளோ இல்லையோன்னு நெனச்சுக்கிருவேன்."

"இப்ப ஒரு ஓடிபி வந்துருக்கும்மா. அத மட்டும் சொல்லுங்க."

"அத யாருக்கும் சொல்லக் கூடாதுன்னுல்ல சொல்றாக? கோவிச்சுக்காதீக. பிள்ளையோட அம்மாட்ட போனக் குடுங்க, சொல்லிர்றேன்."

மூன்று வருஷமாக யார் கேட்டாலும் "தவறிட்டா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கத்தினேன்: "அவ செத்துப் போயிட்டாம்மா!" வரிசையே திரும்பிப் பார்த்தது. இடுப்பிலிருந்த பாப்பா மட்டும் அசையாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

 "எழுதிக்கங்க தம்பி" என்று அந்த அம்மா மருமகளைக் கூப்பிட்டு ஒவ்வொரு எண்ணாகச் சொல்ல வைத்தார். முதலில் வந்தது காலாவதியாகிவிட்டதால் இன்னொன்று அனுப்பினோம். அதையும் சொன்னார். "புள்ள நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் வைத்தார்.

மூன்று தவணையும் இருந்தன. பிறந்த நாளிலிருந்து ஒன்பதாம் மாதம் வரை நீ ஒரு கட்டத்தைக்கூட விடவில்லை. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒன்றரை வயது ஊசி என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. "அம்மா இருந்த வரைக்கும் நாள் தவறல. அப்புறம் நீங்க எங்கன போனீக?" என்று இங்குள்ள நர்ஸம்மா கேட்டார். விட்டுப்போனதை அன்றைக்கே போட்டார்கள். பாப்பா சத்தமில்லாமல் வாயைக் கோணி அழுதாள். நான்தான் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். உன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போடட்டுமா என்று கம்ப்யூட்டர் பெண் கேட்டபோது சரி என்றேன்.

திங்கட்கிழமை மதுரை. தாள் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது, ஆனால் மூன்று தேதியும் மனப்பாடம். மூன்றாவது தேதிக்கு மறுநாள்தான் உன்னை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்தப் புதன்கிழமை காலையில் உன் முகம் வாடியிருந்ததைப் பார்த்து, அடுத்த வாரம் போகலாமே என்றேன். "ஒண்ணுமில்லங்க, தலவலிதான். ஊசி நாளு தவறக் கூடாது" என்று ஏறி உட்கார்ந்தாய். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறு கையை என் முதுகில் வைத்திருந்தாய். சட்டையைத் தாண்டிச் சுட்டது. வெயில் என்று நினைத்தேன்.