ராணியம்மாளைப் பாராட்டிய விதம்

கள்ளக்குறிச்சி
பொங்கல் கழிந்த வியாழக்கிழமை

அன்பு மகள் ஹப்சாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முட்டிவலி, உன் தம்பி சுஐபுக்குத் தூக்கம், எனக்குப் பயம், மற்றபடி சொல்ல ஒன்றும் இல்லை. க்ளாஸ்கோ குளிரில் நீ காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்றும், மாப்பிள்ளை நிஷாத் வேளைக்குச் சாப்பிடுகிறார் என்றும் நம்பி மேற்கொண்டு எழுதுகிறேன்.

முக்கியமான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் மலைவாழ் மாணவியர் விடுதியின் நிர்வாகக் குழு சென்ற மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடி, நீண்ட விவாதத்துக்குப் பின், இனிமேல் கூட்டங்களில் சமோசாவுக்குப் பதிலாகப் போண்டா வழங்குவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. தலைவர் கந்தசாமி முன்மொழிந்தார், செயலாளர் என்ற முறையில் நான் வழிமொழிந்தேன். சட்னி ஒன்றா இரண்டா என்பது மட்டும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. நீ சிரிப்பாய். சிரிக்க வேண்டாம். எங்கள் விதிப்படி ஐந்து பேர் இல்லாமல் எடுக்கக்கூடிய தீர்மானம் சிற்றுண்டி பற்றியது ஒன்றுதான், அன்று நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம். தாளில் ஒன்பது பேர் இருக்கிறோம், ஆனால் அதில் நான்கு பேர் பெயரளவில் இருப்பவர்கள். பல் டாக்டரை நீ அறிவாய், எதைக் கேட்டாலும் சரி என்பார், எதற்கும் வரமாட்டார். ஆக வருகிற ஐந்து பேரில் ஒருவர் குறைந்தால் குளியலறைக் கூரை, வார்டன் சம்பளம், விடுதி உரிமம் எல்லாம் அப்படியே நிற்கும். குறைந்த அந்த ஒருவர் வெள்ளிமலை ராணியம்மாள். அவர் இரண்டு மாதமாக வரவில்லை. முன்கூட்டிக் கடிதம் கொடுக்காமல் மூன்று கூட்டம் சேர்ந்தாற்போல் வராதவரின் இடம் காலி (பெயரளவுக்காரர்கள் கடிதத்தை மட்டும் தவறாமல் அனுப்பிவிடுவார்கள்), காலியான இடத்தில் தலைவர் தமக்கு விருப்பமானவரை உட்கார வைக்கலாம் என்று விதியில் இருக்கிறது. மூன்றாவது கூட்டம் இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, நான் பயந்ததை எல்லாம் பயப்படாதது போல மாற்றிச் சொல்லிவிடுகிறாள்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், இதில் உன் தப்பு ஒன்றும் இல்லை என்பதை முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள். நீ வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் நிர்வாகக் குழுவை எப்படி நடத்துகிறார்கள் என்று எழுதியிருந்தாய் அல்லவா, நல்ல உறுப்பினர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தவரைத் தக்கவைப்பது அதைவிடக் கஷ்டம், அவர்கள் உழைப்பை நாம் கவனிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும், வாய்விட்டு நன்றி சொல்லுங்கள் என்று. அதைக் குழுவில் வாசித்தேன். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நன்றி சொல்லத் தகுந்தவர் ராணியம்மாள் ஒருவர்தான் என்பதிலும் கருத்து வேறுபாடு இல்லை, ஏனென்றால் வாசலில் கிரானைட் வளைவு கட்டுவது பற்றி நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பேசிக்கொண்டிருந்தபோது, பொண்ணுங்க கக்கூஸ் கதவுல தாழ்ப்பா இல்ல, அதப் போட்டுட்டு வளைவு கட்டுங்க என்று சொன்னவர் அவர். மாதத்தில் ஒரு நாள் விடுதிச் சமையலறையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, அன்று சாம்பார் எப்படி இருந்தது என்று குழுவில் வந்து முகத்துக்கு நேரே சொல்வார். மலையில் இருந்து பெண்ணை அனுப்பும் ஒவ்வொரு தகப்பனும் அவரை நம்பித்தான் அனுப்புகிறான், எங்களை நம்பி அல்ல.

ஆக கார்த்திகையில் பாராட்டு விழா எடுத்தோம். ஏற்பாடு முழுவதும் கந்தசாமியுடையது. அவர் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு முழுமையாகத் தெரிந்த விழா ஒன்றே ஒன்று, அது அவர் ஓய்வு பெற்ற அன்று அவருக்கே நடந்தது. அதையே செய்தார். ராணியம்மாளுக்குச் சந்தன மாலை, பொன்னாடை, சுவர்க் கடிகாரம், குரூப் போட்டோ. பேசிய எல்லோரும், நான் உட்பட, அம்மா ஆற்றிய சேவை மறக்க முடியாதது என்று பேசினோம். கடைசியில் மாலையைக் கழற்ற விடாமல் அவரைக் காரில் ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வீட்டு வாசலில் இறக்கி, குடும்பத்தார் கையில் ஒப்படைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மிகவும் திருப்தியான விழா. அதற்குப் பிறகு அவர் மலையை விட்டு இறங்கவே இல்லை.

முதலில் உடம்பு சரியில்லை என்று நினைத்தோம். பிறகு சாமை அறுப்பு என்று நினைத்தோம். அரையாண்டு லீவுக்குப் போன பெண்களில் ஒன்பது பேர் திரும்பி வராதபோதுதான் விஷயம் வேறு என்று எனக்குப் புரிந்தது. அந்த ஒன்பதில் ஒருத்தி மகேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னோடு போனில் இங்கிலீஷ் பேசிப் பழகுவாளே, அவள்தான். பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச்சில் பரீட்சை. உனக்கு அவள் போன் வராததற்குச் சிக்னல் காரணம் என்று உன் அம்மா சொன்னது பொய். பாத்திரக் கடையைச் சுஐபிடம் விட்டுவிட்டு (அவன் அன்று இட்லிக் குண்டானை வாங்கின விலைக்குக் கீழே விற்றான்) பஸ் ஏறி மகேஸ்வரி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா காத்தான் மரவள்ளிக் காட்டில் இருந்தார். நல்ல மனிதர், உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். பிறகு சொன்னார், ராணியம்மாதான் இல்லியே பாய், ஒரு ஒடம்பு சரியில்லன்னா, ஒண்ணுன்னா, நான் யார கேக்கறது, உங்களியா, நீங்க நல்லவருதாங்க, ஆனா உங்கள எனக்குத் தெரியாதே, அதும் இல்லாம அந்த எடத்தியே வித்துடப் போறீங்கன்னு பேசிக்கிறாங்க, எம்பொண்ண நடுரோட்ல தேடிக்கினு வரச் சொல்றீங்களா என்று. மகேஸ்வரி கதவருகில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா நல்லா இருக்காங்களா என்று உன்னை மட்டும் விசாரித்தாள்.

அங்கிருந்து ராணியம்மாள் வீட்டுக்கு நடந்தேன். சுவரில் எங்கள் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏனம்மா வரவில்லை என்று கேட்டதற்கு அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத வராது. இன்னா பாய் இப்டி கேக்கறீங்க, நீங்கதான மாலையப் போட்டு கார்ல ஏத்தி வூட்டாண்ட வுட்டுட்டுப் போனீங்க, எங்க பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் இப்டித்தான் கடியாரம் குட்த்து கொணாந்து வுட்டாங்க, அவுரு மறுநாள்லேந்து பள்ளிக்கூடத்துப் பக்கமே போவல, நான் மட்டும் வெக்கம் இல்லாம வந்து குந்தணுமா என்றார். பிறகு, வாணாம்னா வாணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருக்கலாம், தாழ்ப்பா கேட்டதுக்கு ஒரு சால்வையா என்றார். நான் எவ்வளவோ விளக்கினேன். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஊரே பார்க்க அனுப்பிவைக்கப்பட்டவர் தானாகத் திரும்பிப் போனால் பதவியை விட மனசில்லாமல் ஓடினாள் என்று பேசுவார்களாம். நீங்க போடல பாய் மாலை, போட்டவரு வரட்டும், சந்தைக்கு நாலு பேர் வர்ற நாளா பாத்து வந்து, அனுப்பலன்னு அவுரு வாயால சொல்லட்டும், வர்றேன், என்றார். நியாயம்தான்.

கந்தசாமியிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், ஆனால் ராணியம்மாளுக்காக அல்ல, விழாவுக்காக. பாராட்டினது தப்புன்னு நாமே சொன்னா நாளைக்கு எவன் எவனப் பாராட்டுவான் பாய் என்றார். வேண்டுமானால் விளக்கம் கேட்டு அவருக்கு எழுதுவோம் என்றார், அதற்கும் ஐந்து பேர் வேண்டும். பிறகு குரலைத் தாழ்த்தி, இடம் காலியானால் ஆகட்டும், கலைவாணன் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார். இந்தப் பெயரைக் கேட்டதில் இருந்துதான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கலைவாணன் மனை போட்டு விற்பவர். இந்த ஊர் மாவட்டத் தலைநகர் ஆன பிறகு சேவை மனப்பான்மை வந்தவர்களில் ஒருவர். மற்ற யாரையும் குழுவுக்கு அழைக்க நான் வாசல் வாசலாக நிற்க வேண்டியிருக்கிறது, ஒருவர் லெட்டர்பேடில் தன் பெயர் எத்தனையாவதாக வரும் என்று கேட்டார், இன்னொருவர் நோன்பு முடியட்டும் என்றார், எந்த வருஷத்து நோன்பு என்று சொல்லவில்லை. இவர் ஒருவர்தான் அழைக்காமலே இனிப்போடு வந்தார். விடுதியைச் சுற்றிப் பார்த்தவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, மதில் எங்கே முடிகிறது என்று பார்த்தார். ரோட்டு மேல இருக்கற எடம் பாய், சும்மா வுட்டு வெச்சிக்கினு கீறீங்க என்றார். பெண்பிள்ளைகள் படுத்துத் தூங்கும் இடத்துக்குச் சும்மா என்று பெயர் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். காத்தான் கேள்விப்பட்டது பொய் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேனே, அது எத்தனை நாளைக்குப் பொய்யாக இருக்கும் என்று எனக்கே தெரியவில்லை.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. பொங்கலுக்கு ஊர் வந்த பெண்களைத் திரும்பத் திருப்பூருக்கு ஏற்றிப் போக, ஆள் சேர்க்கும் மேஸ்திரிகளின் வேன்கள் வடக்கனந்தல் பக்கம் வந்து நிற்கின்றன. வண்டியில் இடம் இருந்தால் புதிதாகவும் ஏற்றிக்கொள்கிறார்கள். வீட்டில் சும்மா இருக்கும் படித்த பெண் என்றால் பனியன் கம்பெனியில் கேட்டு வாங்கிக்கொள்கிறார்களாம். நான் கடையில் உட்கார்ந்து ரோட்டில் போகும் ஒவ்வொரு வேனின் ஜன்னலையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு வேனில் ரெட்டைப் பின்னல் தெரிந்தது, செருப்புக்கூடப் போடாமல் கடையை விட்டு இறங்கி ஓடினேன். அது ஏதோ கல்யாணக் கோஷ்டி. சீர்ப் பாத்திரம் வாங்க வந்தவர்கள் கேலியாகப் பார்த்தார்கள். எனக்கு அந்த வயசு இல்லை என்பது எனக்குத் தெரியும், கால்களுக்கு யாரும் சொல்லவில்லை.

வழி கண்டுபிடித்தது உன் அம்மா. அந்த மனுசனுக்கு ஒரு மைக்கும் மாலையும் இருக்குன்னு சொல்லுங்க, மல இன்னா, மேகத்து மேலயே ஏறி வருவாரு என்றாள். அதன்படி வெள்ளிமலையில் உறுப்பினர் பொறுப்புத் தொடர்ச்சி விழா என்று ஒன்றை ஏற்பாடு செய்து கந்தசாமியைச் சிறப்பு விருந்தினராக அழைத்தேன். அப்படி ஒரு விழா உலகத்தில் கிடையாது என்பது அவருக்கும் தெரியும், ஆனாலும் உடனே ஒப்புக்கொண்டார். போன ஞாயிற்றுக்கிழமையே நடந்திருக்க வேண்டியது. ஃப்ளெக்ஸில் அவருடைய படம் கோட் இல்லாமல் வந்துவிட்டது, மறுபடி அடிக்கச் சொன்னார், கடைக்காரன் பொங்கல் லீவு விட்டுவிட்டான். ஆகையால் வருகிற ஞாயிறு. ஒரு வாரம்தானே பாய், இன்னா ஆயிடப் போவுது என்றார். அன்று முதல் நான் இரண்டு வேளை பிரஷர் மாத்திரை போடுகிறேன். காத்தானுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன், ஞாயிறு வரைக்கும் பொறுங்கள், ராணியம்மாள் வாயாலேயே கேளுங்கள் என்று. பதில் வரவில்லை.

நீ கவலைப்படாதே, கவலைப்படும் வேலையை இங்கே முழுநேரமாக நான் ஓர் ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரே ஒரு புத்தி சொல்கிறேன், உன் இல்லத்தில் யாருக்காவது நன்றி சொல்வதாக இருந்தால், அவர் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருக்கட்டும், எழுந்து நிற்கச் சொல்லாதே, மாலை பக்கமே போகாதே. பார்சலில் கடுக்காய்ப் பொடியும், அம்மா வறுத்து அரைத்த மிளகாய்த்தூளும் வைத்திருக்கிறோம். தூளைக் காற்றுப் படாத டப்பாவில் மாற்றி வை, போன தடவை போல உறையோடு வைத்துக் கட்டியாக்கிவிடாதே. ரமலானுக்குள் மாப்பிள்ளையின் லீவு விஷயம் கேட்டுச் சொல். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும், பயம் இல்லாத வீடும், கேட்காமலே உதவும் அக்கம்பக்கமும் தருவானாக. அம்மா ஸலாம் சொல்கிறாள், அவள் எழுதச் சொன்னதை எல்லாம் எழுதிவிட்டதாக நான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அத்தா
ஷேக் மைதீன்

பின்குறிப்பு: பார்சல் அனுப்பத் தாமதமாகிவிட்டது, அதற்குள் கூட்டமும் முடிந்துவிட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஞாயிறு விழா நன்றாக நடந்தது. கந்தசாமி கொண்டை ஊசி வளைவுகளில் பல இடங்களில் வண்டியை நிறுத்தச் சொன்னார், மேடையில் எங்குமே நிறுத்தவில்லை, ஆனால் அம்மாவை நாங்கள் அனுப்பவில்லை, அவர் எங்களோடுதான் இருக்கிறார் என்று மைக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ராணியம்மாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். ஐந்து பேர் இருந்தோம். கூரை, சம்பளம், உரிமம் மூன்றும் நிறைவேறின. காலியிடம் இல்லை என்று கலைவாணனுக்குத் தெரிவிக்கப்பட்டது. லீவுக்குப் போய் வராதிருந்த ஒன்பது பெண்களில் எட்டுப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மகேஸ்வரி விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் வேனில் திருப்பூர் போயிருக்கிறாள். அவளுடைய கட்டில் சேராப்பட்டில் இருந்து வந்த பதினோராம் வகுப்பு மாணவிக்கு ஒதுக்கப்பட்டது.