ஈறு மூடவில்லை

2011 ஜூன் 6, திங்கள்
காலை முதல் மழை. பல் டாக்டரம்மா தினமும் எழுதி வைக்கச் சொன்னது: வலி, ரத்தம், வீக்கம். அறுபது வயசுக்குமேல் முதியோர் வகுப்பில் படித்த எழுத்து, எழுத நேரம் பிடிக்கிறது.
இடது கீழ்க் கடைவாய். ஜனவரியில் தாடை எலும்பில் ஸ்குரூ. பத்து நாள் முன்பு ஈறைக் கீறி அதன் தலையில் சின்ன இரும்பு மூடி. ஈறு ஆறியபின் அதன்மேல் செயற்கைப் பல்.
வலி: இல்லை. ரத்தம்: கொஞ்சம்.
மூடி இன்னும் வெளியே தெரிகிறது. ஏன்?

ஜூன் 9, வியாழன்
ரத்தம் அதிகம். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவன் நான். வெட்டிய இடத்தைத் தொடாமல் விட்டால் புதுப்பட்டை வந்து மூடும். ஒன்பதாம் வரிசை, கிணற்றுப் பக்கத்து மரம்: பால் வடியும் தகரத்தைப் பிடுங்க மறந்தோம், எட்டு வருஷத்தில் பட்டை அதை முழுங்கிவிட்டது. அதனால் வாயில் அந்தப் பக்கம் பிரஷ் படவிடுவதில்லை. ஆனால் ஈறு முழுங்கிவிட்டால் பல்லை எதன்மேல் வைப்பார்கள்?
பெண்டாட்டி ஞானம்மா கேட்டாள். "ஆறிட்டா? ரத்தம் கித்தம் வருதா?"
"ஒண்ணுமில்லட்டி."
பொய். அவளுக்கு இரண்டு பக்கமும் கடைவாய்ப்பல் இல்லை. இரண்டு வருஷமாகக் கஞ்சி, குழைந்த சோறு. "ஒங்களுக்கு சரியாவட்டு, பொறவு நான் வைக்கேன்" என்கிறாள். எனக்குக் கெட்டுப்போனால் அவள் டாக்டரிடம் வாயே திறக்கமாட்டாள்.

ஜூன் 13, திங்கள்
ஈறு சிவப்பு. வாயில் நாற்றம். ரத்தம் ஞானம்மா கண்ணில் படாமல் வாழைமரத்து மூட்டில் துப்பித் தண்ணீர் ஊற்றினேன். தொடாமல்தானே வைத்திருக்கிறேன்?

ஜூன் 14, செவ்வாய்
மார்த்தாண்டம், பல் ஆஸ்பத்திரி. ஞானம்மாவும் கூடவே.
டாக்டரம்மா கண்ணாடி விட்டுப் பார்த்து, "தாத்தா, இங்க பிரஷே படலையே?"
"தொட்டா ஆறாதுல்லா மக்களே?"
"ஒரு வாரம்தான் தொடாதீங்கன்னேன். இது மரமில்ல தாத்தா, வாய்."
அழுக்கு தங்கிப் புண்ணாயிற்றாம். ஈறு மூடியை முழுங்கக் கூடாதாம். சட்டைக் கழுத்துப் போலச் சுற்றி இறுக்கிப் பிடிக்கவேண்டுமாம். சொந்தப் பல்லை ஈறு நார் நாராகப் பிடித்திருக்கும். ஸ்குரூவில் வெறும் அணைப்புதான், கிருமி சுலபமாக இறங்கும். எலும்புவரை போனால் ஸ்குரூவை எடுக்கவேண்டி வரும். பத்து நாள் பார்க்கலாம்.
மூடாத புண் எப்படி ஆறின புண் ஆகும்? கேட்டேன். சிரித்தார்.
பஸ்ஸில் ஞானம்மா: "வாழமூட்டுல தண்ணி ஊத்துனா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியளா?"


ஜூன் 19, ஞாயிறு
காலையும் இரவும் ஞானம்மா டார்ச் அடிக்கிறாள். பிரஷும் அவள் கையில்தான். உப்புத் தண்ணீர்.
"நல்லா தொறங்க. பொய் சொல்லும்போ மட்டும் நல்லா தொறந்தியளே."
ரத்தம்: ஒரு பொட்டு.

ஜூன் 24, வெள்ளி
வெயில். மறுபடி மார்த்தாண்டம், இரண்டு பேரும். மூன்று நாளாக ரத்தம் இல்லை. டாக்டரம்மா மெல்லிய கம்பியால் சுற்றிலும் அளந்தார். இறுகிவிட்டதாம், அடுத்த வாரம் பல்லுக்கு அளவு. இரும்பு அப்படியேதான் மினுங்குகிறது. எனக்கு இப்போதும் புண் மாதிரியே.
சட்டையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால், நான் எழுந்த நாற்காலியில் ஞானம்மா. செருப்பு கீழே.
"நீங்க வெளிய நில்லுங்க."