தர்பூசணிக் கொடியும் வெள்ளைத் துணியும்

பிப்ரவரி 3, செவ்வாய்

நல்ல பனி. பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். சிலிண்டர் பதிவு.

கிளியனூர் போய் வந்தேன், தம்பி குமாரின் தர்பூசணியைப் பார்க்க. போன வருஷம் பொடிப்பூச்சி கொண்டுவந்த நோயில் கொடியெல்லாம் நுனி கருகிப் போயிற்று. இந்த முறை பூச்சி புகாதபடி வரிசை நெடுகக் கம்பி வளைத்து வெள்ளைத் துணி போர்த்தியிருக்கிறான். உள்ளே கொடி அத்தனை பச்சை, பூவும் நிறைய. காய்தான் இல்லை. பெண்பூவின் அடியில் கோலிக்குண்டு போல் பிஞ்சு. எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது.

"வெயிலுதான்க்கா. தண்ணி உட்டா சரியாப்பூடும்."

தண்ணீர் இல்லை, தேனீ. ஆண்பூ ஓரிடம், பெண்பூ ஓரிடம். செடிக்குக் கால் கிடையாது. மகரந்தத் தூளைச் சுமக்க றெக்கை உள்ள ஒருத்தி வேண்டும். அவள் கூலி, துளித் தேன். பூவின் மஞ்சள் நிறம், காலையில் விரிவது எல்லாம் அவளுக்காக. அவள் உடம்பிலும் தூள் ஒட்டுவதற்கு மயிர். யுகயுகமாக ஒன்றுக்காக ஒன்று மாறி வந்த ஏற்பாடு. நடுவில் நம் துணி.

"துணியைத் தூக்குடா" என்றேன்.

"தூக்கினா தேனீ மட்டுந்தான் வருமா? போன வருசம் வந்தவனும் வருவான். நீ பொறுப்பு ஏத்துக்கிறியா?"

பஸ் ஏறினேன்.

பிப்ரவரி 4, புதன்

எதிலும் மனம் நிற்கவில்லை. காப்பி இரண்டு முறை பொங்கியது. அவன் கேட்டது நியாயம்தானே? நான் பாடம் எடுத்த வகுப்பில் படம் போட்டால் ஒரு பூ, ஒரு தேனீ, ஒரு அம்புக்குறி. வயலில் கூட்டம் அதிகம். கையால் தூள் தடவலாம் என்றால், அத்தனை கொடிக்கு ஆள் எங்கே?

தம்பி மனைவி வசந்தா போனில்: "அண்ணி, நீங்க போனதிலேர்ந்து ஒரே பேஜாரு. கொடிகிட்டயே உக்காந்துக்கினு இருக்காரு. சோறு கூட வேணாமாம்."

மத்தியானம் துணி உலர்த்தப் போனபோது கொல்லைப் பூசணிப்பூ சுருங்கிக் கிடந்தது. காலையில் தட்டு போல் விரிந்திருந்த பூ. அட! தர்பூசணிப் பூவும் மத்தியானத்துக்குள் மூடிவிடும். பூ திறந்திருக்கும் வரை திறந்தால் போதும். அது மூடியதும் நாமும் மூடிவிடலாம். ஆபத்து பாதியாவது குறையும். உடனே குமாருக்குப் போன். "ம்" என்றான்.

சிலிண்டர் மறந்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

திண்டிவனத்திலிருந்து முதல் பஸ். மூன்று பேருமாகத் துணியைச் சுருட்டினோம். பூ விரிந்தது. தேனீ ஒன்றுகூட இல்லை.

குமார்: "எங்கக்கா உன் கூலிக்காரி? லீவா?"

வசந்தா: "இத்தினி நாளு மூஞ்சில கதவ சாத்திட்டு, இப்ப வான்னா உடனே வருவாளா? ரோஷம் இருக்காது?"

அவன் சிரிக்கவில்லை. பூச்சி உண்டா என்று இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெயில் ஏறியபின் ஒரே ஒரு தேனீ. ஒரு ஆண்பூவில் புரண்டு எழுந்து போய்விட்டது. மத்தியானம் மூடினோம். முழங்கால் வலி.

பிப்ரவரி 6, வெள்ளி

போகவில்லை. முழங்கால். எதிர்வீட்டு மிக்ஸி சத்தம் கூடத் தேனீயாகக் கேட்கிறது. பதினோரு மணிக்கு வசந்தா போனில்: "அண்ணி, இன்னிக்கு மொய்க்குது! நேத்து வந்தவ அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிட்டா போல!"

இலை எப்படி என்று கேட்க வாய் வரவில்லை.

பிப்ரவரி 9, திங்கள்

மாத்திரை வாங்கியாயிற்று. பனி குறைவு.

போனேன். பிஞ்சு பிடித்துவிட்டால் காம்பு வளைந்து தலை கவிழும். வரிசைக்கு வரிசை கவிழ்ந்திருந்தது. வசந்தா ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள்.

கடைசி வரிசையில் ஒரு கொடி, நுனி கருகி. எனக்கு முன்பே குமார் பார்த்துவிட்டான். வேரோடு பிடுங்கி, பையில் போட்டு, வாயைக் கட்டினான்.

"நாளைக்குத் திறக்கலாமா வேணாமாடா?" என்றேன்.

பையைக் கொளுத்த எடுத்துக்கொண்டு போனவன் திரும்பாமலே சொன்னான்: "முதல் பஸ்ஸுக்கே வந்துடு. துணியோட அந்தக் கோடிய நீ புடிச்சிக்கோ."